குடையை வைத்துவிட்டுப் போனாராம்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, திருச்சி தில்லை நகரில் உள்ள ஒரு கண் மருத்துவமனையின் கேன்டீனில், தான் பார்க்காத ஒரு டிவி தொடரை முந்தின நாள் இரவும் பார்த்ததாக ஜெஸ்வின் சொன்னான்.

தொடரின் பெயர் 'மேலச் சித்திரை வீதி'. ஸ்ரீரங்கத்தில் நடக்கும் கதை. கேட்டவள் லின்சி. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருக்கும் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் எடுத்துக் கொடுப்பவள். ஜெஸ்வின் அதே தளத்தில் பார்வை சோதிக்கும் அறையில் இருந்தான். இருட்டில் உட்கார்ந்து, "இந்த வரி தெரியுதா? அதுக்குக் கீழ் வரி?" என்று மற்றவர்களைக் கேட்பது அவன் தொழில். ஒன்றரை வருடமாக இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். அந்த ஒன்றரை வருடத்தில் அவன் அவளிடம் பேசியதில் பெரும்பகுதி "ஊறுகாய் வேணுங்களா?" என்பதுதான்.

அதனால் அவளாக ஒரு கேள்வி கேட்டபோது அவன் நிதானம் இழந்தான்.

"மேலச் சித்திரை வீதி பார்ப்பீங்களா பிரதர்?"

"விடாம பார்ப்பேங்க. நேத்துகூட பார்த்தேன்."

லின்சியின் விரல்கள் சாம்பார் சாதத்தில் நின்றன.

"நேத்துமா?"

"ஆமாங்க. நேத்து ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டப்பாவுக்குள் குனிந்து சிரித்தாள். "சரி பிரதர். இனிமே தினம் பேசலாம்."

இந்த 'பிரதர்' அவளாக வைத்த பெயர் இல்லை. மேனேஜர் ரஞ்சித் எங்கோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து, ஆண்கள் எல்லோரும் பிரதர், பெண்கள் எல்லோரும் சிஸ்டர் என்று ஆணை போட்டிருந்தார். நோயாளிகளுக்கு அதில் மரியாதை தெரிந்ததாம். ஜெஸ்வினுக்கு அது ஒரு சுவராகத் தெரிந்தது. மேலப்புதூர்க் கத்தோலிக்க வீட்டுப் பையன் அவன். பாலக்கரைக் கத்தோலிக்க வீட்டுப் பெண் தினமும் நாலு தடவை 'பிரதர்' என்கிறாள். அது ரஞ்சித்தின் பிரதரா, உண்மையான பிரதரா என்று கண்டுபிடிக்க அவனிடம் எந்தக் கருவியும் இல்லை.

அன்றிரவு போனில் தொடரைத் தேடினான். அறுநூற்றுச் சொச்சம் பகுதிகள் வரிசையாக நின்றன. முதல் பகுதியில் ஒரு மாமியார் ஒரு தட்டைக் கீழே போட்டாள். தட்டு உருண்டு நிற்பதற்குள் ஜெஸ்வின் தூங்கிவிட்டான்.

மறுநாள் காலை அவன் நேராக மருந்துக் கடைக்குப் போனான். அங்கே இருப்பவள் வஹீதா. பீமநகர்க்காரி, இருபது வருட ஃபார்மசிஸ்ட். எந்தத் தொடரில் யாருக்கு யார் மருமகள் என்ற விஷயத்தில் மருத்துவமனை முழுக்க அவள் சொன்னதுதான் தீர்ப்பு.

"அக்கா, மேலச் சித்திரை வீதி கதை எதுவரைக்கும் வந்திருக்கு?"

"உனக்கு எதுக்குத் தம்பி அது?"

"சும்மாதான்."

வஹீதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில வா, சொல்றேன். இப்ப பில் போட ஆள் நிக்குது."

மறுநாள் சொன்னாள். வைதேகி என்று ஒருத்தி, தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தான் மட்டும் கல்யாணமாகாமல் நிற்பவள். சேஷாத்ரி என்று ஓர் ஆடிட்டர், தினமும் அவள் வீட்டுக்குக் காபி குடிக்க வருபவர்.

"எட்டு வருஷமா வர்றாராம். காபி குடிப்பாராம், போயிடுவாராம். வேற ஒண்ணும் பேசமாட்டாராம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா அவருக்குச் சர்க்கரை வியாதின்னு அவர் சொன்னதே இல்லையாம். அவ பாட்டுக்கு அரைச் சர்க்கரைதான் போடுவாளாம்."

கடைக்கு எதிரே பெஞ்சில், கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடி உட்கார்ந்திருந்த துறையூர்ப் பெரியவர் ஒருவர் கண்ணைத் திறக்காமலே, "அவருக்கு எப்படித் தெரிஞ்சுதாம் அரைச் சர்க்கரைன்னு?" என்று கேட்டார்.

"குடிச்சாத் தெரியாதா?" என்றாள் வஹீதா.

அன்று கேன்டீனில் ஜெஸ்வின் தயாராக இருந்தான்.

"அந்த சேஷாத்ரி, வைதேகி... ரெண்டு பேரும் நல்ல ஃபிரண்ட்ஸ்ங்க. அந்த மாதிரி நட்பெல்லாம் இப்ப எங்க பார்க்க முடியுது?"

லின்சி மோர் ஊற்றுவதை நிறுத்தினாள். "உங்களுக்கு அது நட்பாவா தெரியுது பிரதர்?"

"பின்ன? அவங்க ஒண்ணுமே பேசிக்கலையே."

"சீரியல்ல வாயைப் பார்க்கக் கூடாது பிரதர். கை என்ன செய்யுதுன்னு பார்க்கணும். மத்தவங்க ஒருத்தர ஒருத்தர் பார்த்தா இடி இடிக்கும், மூஞ்சியை மூணு தடவை கிட்ட காட்டுவாங்க. இவங்க ரெண்டு பேரு வந்தா மட்டும் மியூசிக்கே இருக்காது. டம்ளர் வைக்கிற சத்தம் கேக்கும், அவ்வளவுதான். ஏன்?"

"செலவைக் குறைக்கவா?"

லின்சி மோரை முழுவதும் தன் டப்பாவிலேயே ஊற்றிக்கொண்டாள்.

தப்பாகப் பேசிவிட்டது அவனுக்குப் புரிந்தது. எது தப்பு என்பதுதான் புரியவில்லை. அன்றிலிருந்து அவன் காலையில் வஹீதாவிடம் பாடம் கேட்பதும், மதியம் லின்சியிடம் ஒப்பிப்பதும், ஒவ்வொரு நாளும் அரை மதிப்பெண்ணில் தவறுவதுமாக ஆனி மாதம் போயிற்று. ஆனாலும் அவர்கள் பேசினார்கள். ஊறுகாயைத் தாண்டிய பேச்சு. ஒரு நாள் கேன்டீன்காரர் மேஜையைத் துடைக்க மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆடி பிறந்ததும் குடை வந்தது.

"நேத்து என்ன ஆச்சு தெரியுமா?" என்றாள் வஹீதா. "மழையே இல்லையாம். சேஷாத்ரி குடையோட வந்தாராம். போறப்ப குடையை வச்சுட்டுப் போனாராம்."

"மறந்துட்டாரா?"

"வேணும்னுதானாம். திரும்ப ஒரு தடவை வரலாம்ல."

பெஞ்சில் கண் மூடியிருந்த வேறொரு அம்மாள், "கெட்டிக்காரன்" என்றாள்.

இரவெல்லாம் யோசித்துவிட்டு, மறுநாள் ஜெஸ்வின் கறுப்புக் குடையுடன் கிளம்பினான். "வானம் பளிச்சுன்னு இருக்கேடா" என்றாள் அம்மா ரோசம்மாள். தெருமுனையில் ஆடிக் காற்று குடையை ஒரு முறை திருப்பிப் பார்த்தது. மதியம் கண்ணாடிக் கடையில் ஒரு ஃபிரேமைப் பற்றி ஏதோ விசாரித்துவிட்டு, குடையைக் கவுன்ட்டரில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான்.

நாலு மணிக்கு ஒலிபெருக்கியில் ரஞ்சித்தின் குரல் கேட்டது. "கண்ணாடிப் பிரிவில் கறுப்புக் குடை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. ஒரு கம்பி வளைந்துள்ளது. உரியவர்கள் ரிசப்ஷனில் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்."

ஜெஸ்வின் போகவில்லை. ஒரு முறைக்கு மூன்று முறை அறிவித்தார்கள். அப்போதும் போகவில்லை.

மறுநாள் கேன்டீனில் லின்சியே கேட்டாள். "அது உங்க குடைதானே பிரதர்? நான் கவுன்ட்டருக்கு அடியில எடுத்து வச்சிருந்தேன். ரஞ்சித் சார் பார்த்துத் தூக்கிட்டுப் போயிட்டாரு." டப்பாவைத் திறந்தாள். "எப்படி அங்க வந்துச்சு?"

இதுதான் நேரம் என்று ஜெஸ்வினுக்குத் தெரிந்தது. ஊறுகாய்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான்.

"மறந்துட்டேங்க. எனக்குக் கொஞ்சம் ஞாபக மறதி."

"ஞாபக மறதி" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

அடுத்த நாள் வஹீதா வாயெல்லாம் சிரிப்பாக இருந்தாள். "அந்த சேஷாத்ரி சரியான அசடு தம்பி. வைதேகி வாயைத் திறந்து கேட்டாளாம், குடை எப்படி வந்துச்சுன்னு. 'மறதி'ன்னு சொல்லிட்டாராம் அந்த மனுஷன். அன்னைக்குக் காபியில சர்க்கரையே போடலையாம் அவ."

ஜெஸ்வினுக்கு ஆறுதலாக இருந்தது. தன்னைப் போலவே ஒருவனை டிவியில் காட்டுகிறார்கள். எழுதுகிறவர்கள் மனிதர்களைத் தெரிந்துதான் எழுதுகிறார்கள்.

அந்த ஆறுதலில்தான் ஒரு நாளாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று இரவு எட்டரைக்கு டிவியைப் போட்டான். திரையில் நாலு பேர் போட்டி போட்டுக்கொண்டு பனீர் வெட்டினார்கள்.

"அம்மா, இந்த நேரத்துல மேலச் சித்திரை வீதிதானே?"

"எனக்கென்னடா தெரியும்? நான் ஜெபமாலை சேனலைத் தவிர எதைப் பார்த்தேன்?"

காலையில் வஹீதாவிடம் கேட்டான். அவள் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே, "அப்படியா? நாளைக்குச் சொல்றேன்" என்றாள். மறுநாள் சொன்னாள்: "மத்தியானம் ரெண்டரைக்கு மாத்திட்டாங்களாம்."

மதியம் இரண்டரைக்கு லின்சி கண்ணாடிக் கடையில் இருப்பாள். வேலைக்கு நடுவே போனில் பார்ப்பாள் போல என்று ஜெஸ்வின் முடிவு செய்தான். அதே இரண்டரைக்கு வஹீதா எதில் பார்ப்பாள் என்று அவன் யோசிக்கவில்லை.

ஆகஸ்டில் பூனாக்காரன் வந்தான்.

"வைதேகிக்குச் சம்பந்தம் வந்திருக்காம். பூனாவுல என்ஜினியராம். ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றாங்களாம்" என்றாள் வஹீதா. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "என்னைக் கேட்டா அவனையே கட்டிக்கலாம். சொந்த ஃபிளாட்டு, கை நெறைய சம்பளம். இந்தக் காபிக்காரன நம்பி எத்தனை வருஷம் உக்காந்திருக்கிறது?"

பெஞ்சில் கண் மூடியிருந்த மூன்று பேரும் தலையாட்டினார்கள். எது தொடர், எது வஹீதா என்று பிரித்துப் பார்க்க ஜெஸ்வினுக்குத் தோன்றவில்லை. கதை போகும் பக்கம் தானும் போனால் இன்றாவது முழு மதிப்பெண் கிடைக்கும் என்று நம்பினான்.

"பூனாக்காரர் நல்ல மனுஷனாத் தெரியறாருங்க" என்றான் கேன்டீனில். "வைதேகி அவரையே கட்டிக்கலாம். செட்டில் ஆயிடுவாங்க."

லின்சி டப்பாவை மூடினாள். பாதி சாப்பாடு உள்ளே இருந்தது.

"சேஷாத்ரி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா, அவ அந்தச் சம்பந்தம் வேணாம்னுடுவா. அதுகூடவா தெரியல?"

"அவர் சொல்றவரா இல்லைங்களே."

"ஜெஸ்வின், உங்களுக்கு இந்தக் கதை ஒரு வரிகூடப் புரியல."

எழுந்து போய்விட்டாள். கை கழுவும் இடத்துக்குப் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பிரதர் இல்லை. வெறும் ஜெஸ்வின். ஒன்றரை வருடம் காத்திருந்த வார்த்தை. வந்தது திட்டோடு வந்தது. கோபத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக் கையை இரண்டு தடவை கழுவினான்.

சுதந்திர தின விடுமுறைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, ரஞ்சித் அவனை அழைத்தார்.

"பிரதர், நாளைக்கும் நாளன்னைக்கும் ஸ்ரீரங்கத்துல ஃபிரீ கேம்ப். நீங்க ரெண்டு நாளும் வரணும். லின்சி சிஸ்டர் நாளைக்கு மட்டும்தான். ஞாயித்துக்கிழமை லீவு கேட்டிருக்கு."

"ஏன் சார்?"

"பொண்ணு பார்க்க வர்றாங்களாம். குவைத் மாப்பிள்ளை. நல்ல இடமாம். ஒத்துப்போனா உடனே கோயில்ல ஓலை வாசிச்சுடுவாங்கன்னு பேசிக்கிட்டாங்க."

ஓலை வாசிப்பது என்றால் ஜெஸ்வினுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்று ஞாயிறு, பூசையில் பெயர் சொல்லி, ஆட்சேபம் உள்ளவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கலாம் என்பார்கள். பங்குத் தந்தையிடம் போய், 'ஊறுகாய் வரைக்கும் பேசியிருக்கிறேன்' என்று ஆட்சேபம் தெரிவிக்க முடியாது.

அவன் மருந்துக் கடைக்கு ஓடினான். இப்போது அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"அக்கா, பூனாக்காரன் வந்துட்டானா? வைதேகி என்ன சொன்னா?"

"இன்னைக்குத் தெரியல தம்பி. லின்சி பஸ்ல வரல. அவங்க அண்ணன் வண்டியில வந்துடுச்சாம்."

"லின்சி பஸ்ல வரலைன்னா உங்களுக்கு எப்படிக்கா கதை தெரியாமப் போகும்?"

வஹீதாவின் கையில் கத்தரிக்கோல் நின்றது. நாலு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. எங்க வீட்ல டிவி ஓடி ஒரு வருஷமாச்சு. எம் பொண்ணு ஆலியா நீட்டுக்குப் படிக்குதுன்னு அவங்க அத்தா வயரைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. ரெண்டாவது தடவை எழுதப் போகுது, இன்னும் தொறக்கல. ஆஸ்பத்திரியே எங்கிட்ட வந்து கதை கேக்குது. தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? லின்சி பஸ்ல சொல்லும். கேட்டுட்டு வந்து சொல்றேன்."

பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப இது பார்த்துச் சொன்ன கதை இல்லையா?"

"கண்ணை மூடுங்கம்மா, மருந்து வழியுது" என்றாள் வஹீதா.

ஜெஸ்வின் இருட்டறையில் போய் உட்கார்ந்தான். வந்தாராம். குடிப்பாராம். வச்சுட்டுப் போனாராம். இரண்டு மாதமாக அவள் ஒரு வரியைக்கூடப் பார்த்தவளைப் போல முடிக்கவில்லை. பார்த்தவர்கள் 'போனாரு' என்பார்கள். கேட்டவர்கள்தான் 'போனாராம்' என்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அவன் அதை வஹீதாவின் கதை சொல்லும் ராகம் என்று நினைத்திருந்தான்.

அதைவிடக் கேவலம் மற்றொன்று. காலையில் லின்சி சொன்னதை மதியம் லின்சியிடமே ஒப்பித்திருக்கிறான். அதையும் தப்பாக. அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். தெரிந்தும் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். குவைத்துக்குப் போகும் முன் மன்னிப்பாவது கேட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தான். அதற்கு மேல் எதையும் தீர்மானிக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

சனிக்கிழமை முகாம், ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடைக்கு இந்தப் பக்கம் ஜெஸ்வினின் எழுத்துப் பலகை, அந்தப் பக்கம் லின்சியின் கண்ணாடி மேஜை. நடுவில் ஊரே வரிசையில் நின்றது. காலையில் வேனில் அவள் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அவன் பின் இருக்கையில் கண்ணாடிப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு வந்தான். மன்னிப்புக்கு இடம் கிடைக்கவில்லை.

பதினொரு மணிவாக்கில் சௌரிராஜன் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டியவர். நெற்றியில் இட்டிருந்த திருமண்ணை இடிக்காமல் சோதனைக் கண்ணாடியை மாட்டுவது பெரும்பாடாக இருந்தது.

"முகவரி சொல்லுங்க."

"மேலச் சித்திரை வீதி." அவர் ஒரு கணம் காத்திருந்தார். "பேரைக் கேட்டதும் எல்லாரும் சீரியலான்னு கேப்பா. அது நம்மாத்துலதான் எடுத்தா. கூடம், ரேழி, காபி போடற உள் எல்லாம் நம்மளுதுதான்."

ஜெஸ்வின் கையிலிருந்த லென்ஸைப் பெட்டியில் வைத்தான். மண்டபத்தின் அந்தக் கோடியில் லின்சி ஒரு பாட்டிக்கு ஃபிரேமின் காதை வளைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்தான். அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியப்போகிறது?

"சார், ஒண்ணு கேக்கலாமா? சேஷாத்ரி கடைசியில வைதேகிகிட்ட சொல்லிடுவாரா?"

"எந்த சேஷாத்ரி?"

"ஆடிட்டர். தினம் காபி குடிக்க வருவாரே. குடையை வச்சுட்டுப் போவாரே. இப்ப பூனா மாப்பிள்ளைகூட வந்திருக்காரே. இந்த வாரம் எடுத்திருப்பாங்கல்ல, என்ன சார் ஆகும்?"

சௌரிராஜன் சோதனைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை வெறும் கண்ணால் பார்த்தார்.

"இந்த வாரமா? ஏப்ரல் மாசமே சீரியலை நிறுத்திட்டாளே. நாங்க கூடத்துக்கு வெள்ளையே அடிச்சாச்சு."

ஜெஸ்வின் கொஞ்ச நேரம் எழுத்துப் பலகையையே பார்த்தான். பலகையில் எல்லா வரிகளும் தெரிந்தன. ஜூன் மாதத்துச் சாம்பார் சாதத்தில் நின்ற ஐந்து விரல்களும், 'நேத்துமா?' என்ற ஒரு வார்த்தையும் தெரிந்தன. பஸ்ஸில் தினமும் கதை கட்டியது யார், யாருக்காக என்பதும் தெரிந்தது.

"அடியேன் கீழ் வரியைப் படிக்கட்டுமா?" என்றார் சௌரிராஜன்.

"ஒரு நிமிஷம் இருங்க சார்."

வரிசையை வெட்டிக்கொண்டு மண்டபத்தின் குறுக்கே நடந்தான். லின்சி நிமிரவில்லை. ஃபிரேமின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து சீரியல் பார்த்தீங்களா லின்சி?"

சிஸ்டர் இல்லை. அவள் கை நின்றது.

"பார்க்கல. நீங்க சொல்லுங்க."

"சேஷாத்ரி அன்னைக்குக் குடையை மறக்கல. வேணும்னேதான் வச்சுட்டுப் போனாரு."

போனாராம் என்று அவன் சொல்லவில்லை.

"அப்புறம்?" என்றாள் லின்சி.

வர வேண்டாம் என்று குவைத்காரர்களுக்கு அன்று மாலை போன் போயிற்று. அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசையில் ஜெஸ்வின், லின்சி பெயர்களுக்கு முதல் ஓலை வாசிக்கப்பட்டது. ஆட்சேபம் எதுவும் வரவில்லை.